முகங்களைச் சேர்த்து வைத்தவர்: எட்கர் தர்ஸ்டன்

ஒரு பங்கின் வரலாறு ஆலயம் எழுப்பிய ஆண்டோடும், பணிபுரிந்த குருக்களின் வரிசையோடும் நின்றுவிடுவதில்லை. கடலிலும் வயலிலும் பாடுபட்ட எளிய மக்களின் முகங்களும் அதில் இடம்பெற வேண்டும். நம் பகுதி மக்களின் வாழ்வை நூறாண்டுகளுக்கு முன்பே எழுத்திலும் புகைப்படத்திலும் பதிவு செய்தவர்களுள் எட்கர் தர்ஸ்டன் முக்கியமானவர். அவரது வாழ்வை இம்மலர் வாயிலாகச் சுருக்கமாக அறிவோம்.

1855-ல் இங்கிலாந்தில் பிறந்த தர்ஸ்டன், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1885-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று, 1908 வரை அப்பணியில் இருந்தார். தொடக்கத்தில் அவரது நாட்டம் கடல்வாழ் உயிர்களின் மீதே இருந்தது. அந்த நாட்டமே அவரை நம் முத்துக்குளித்துறைக்கு அழைத்து வந்தது.

1889-ல் தூத்துக்குடியில் நடந்த முத்துச் சலாபத்தை அவர் கவனித்து எழுதினார். கல்லைக் காலில் பற்றிக் கடலுக்குள் இறங்குவோர், தோணியில் நின்று கயிறு இழுப்போர், கரையில் சிப்பியை ஏலம் கேட்கும் வணிகர் என அந்தத் தொழில் முழுவதும் 1890-ல் அவர் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. சிப்பியை ஆராய வந்தவரின் கண்கள், நாளடைவில் மனிதரின் பக்கம் திரும்பின.

1901-ல் இந்திய அரசு மக்களினக் கணக்காய்வைத் தொடங்கியபோது, சென்னை மாகாணத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. புகைப்படக் கருவி, அளவு கோல்கள், பாட்டைப் பதிவு செய்யும் போனோகிராப் ஆகியவற்றுடன் மலையும் காடும் சுற்றினார். க. ரங்காச்சாரி அவருக்கு உற்ற துணையாக இருந்தார். மக்கள் அஞ்சினர். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று ஓடினர். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்றே எண்ணி மறுத்துவிட்டார்.

இவ்வுழைப்பின் பயனாக 1909-ல் ஏழு தொகுதிகள் கொண்ட நூல் வெளிவந்தது. தமிழில் அது ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற பெயரில் வெளியாகியுள்ளது. பரதவரைப் பற்றிய பகுதியில் சாதித் தலைவரின் உரிமைகளும், புனித சவேரியாரின் பணியும் விரிவாக வருகின்றன. நம் ஸ்ரீவைகுண்டமும் அதில் உண்டு. மண்கோட்டைக்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமாரைப் பற்றியும், கோட்டையை விட்டு வெளிவராத அவர்களது பெண்களைப் பற்றியும் பிறர் எழுதியவற்றைத் திரட்டிச் சேர்த்துள்ளார். அடுத்துள்ள ஆதிச்சநல்லூரில் கிடைத்த மண்டையோடுகளையும் அவர் ஆராய்ந்தார்.

அவரிடம் குறையும் உண்டு. மூக்கையும் தலையையும் அளந்து மனிதரைத் தரம் பிரிக்கலாம் என்ற அக்காலக் கொள்கையை அவரும் ஏற்றிருந்தார். அது தவறு எனப் பிற்கால அறிவியல் தள்ளிவிட்டது. இறைவன் சாயலில் படைக்கப்பட்ட மனிதனின் மாண்பு அளவுகோலுக்குள் அடங்குமா? இன்னொன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. அவரது நூலின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதியின் பெயரே உள்ளது. ஆளின் பெயர் இல்லை. அவர் யாருடைய தந்தை, யாருடைய பாட்டி என்பதை இனி யாரும் அறிய வழியில்லை.

ஆயினும், அவர் பதிந்து வைத்தவற்றுள் பல இன்று கண்முன் இல்லை. தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. கோட்டைக் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியேறிப் பல ஊர்களில் குடியேறிவிட்டன. தர்ஸ்டனின் ஏடுகள் இல்லாவிடில், அவற்றுள் எத்தனையோ செய்திகள் மறைந்தே போயிருக்கும்.

ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், கார்ன்வால் பகுதியின் செடிகொடிகளை ஆராய்வதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டு, 1935-ல் காலமானார்.

அன்று பிற நாட்டவர் ஒருவர் நம் முன்னோரின் முகங்களைச் சேர்த்து வைத்தார். பெயர்களைச் சேர்த்து வைப்பது நம் கடமை. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் திருமணப் படங்களையும், புதுநன்மைப் படங்களையும், சப்பரப் பவனிப் படங்களையும் வெளியே எடுப்போம். அவற்றில் இருப்போரை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். அடுத்த யூபிலி மலரைத் தொகுப்போர் நம்மை நன்றியோடு நினைப்பர்.