சேர் சாள்ஸ் லயலும் பின்வாங்கும் நயகராவும்

மாணவர்களே, நீர்வீழ்ச்சி என்றும் ஒரே இடத்தில் நிற்பது போல உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில் அது ஆற்றின் மேற்பக்கமாக மெல்லப் பின்வாங்குகின்றது. இதைக் கொண்டு கடந்த காலத்தை அளக்க முயன்றவர் சாள்ஸ் லயல்.

இவர் 1797 நவம்பர் 14 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கற்றுச் சட்டத்தரணியானார். பார்வைக் குறைபாடு அத்தொழிலுக்குத் தடையாக இருந்தது. நாட்டமோ புவிச்சரிதவியலிலேயே இருந்தது. பூமி சில ஆயிரம் ஆண்டுகளே பழைமையானது என அக்காலத்திற் பலர் நம்பினர். இன்று நம் கண்முன் நிகழும் அரித்தலும் படிதலும் நீண்ட காலம் தொடர்ந்தே நிலத்தை உருவாக்கின என லயல் வாதிட்டார். 1830 – 1833 காலத்தில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த இவரது நூல் சாள்ஸ் டார்வினின் சிந்தனையையும் மாற்றியது.

1841 இல் லயல் நயகராவைப் பார்வையிட்டார். அங்கே மேலே கடினமான சுண்ணாம்புப் பாறைப் படையும் கீழே மென்மையான களிப்பாறைப் படையும் உள்ளன. விழும் நீர் கீழ்ப்படையை விரைவாக அரிக்கின்றது. ஆதாரமிழந்து தொங்கும் மேற்படை உடைந்து விழுகின்றது. நீர்வீழ்ச்சி ஓர் அடி பின்னே செல்கின்றது. முன்னே மலையிடுக்கு ஓர் அடி நீள்கின்றது.

மலையிடுக்கின் நீளம் ஏறத்தாழ 7 மைல். ஆண்டுக்கு ஓரடி எனக் கொண்டு, அது உருவாக 35,000 ஆண்டுகள் சென்றிருக்கும் என லயல் மதிப்பிட்டார். வேகம் எக்காலத்திலும் சமமாக இருந்திராது என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

அவரது எண் சரியன்று. நயகரா ஏறத்தாழ 12,000 ஆண்டுகளே பழைமையானது. சராசரியாக ஆண்டுக்கு மூன்றடி வரை பின்வாங்கியுள்ளது. இன்று நீரின் பெரும்பகுதி மின்னுற்பத்திக்குத் திருப்பப்படுவதால் அவ்வேகம் குறைந்துள்ளது. எனினும் முறை சரியானதே: நிகழ்கால வேகத்தை அளந்து கடந்த காலத்தைக் கணிக்க முடியும் என அவர் காட்டினார்.

1848 இல் சேர் பட்டம் பெற்ற லயல், 1875 பெப்ரவரி 22 இல் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவிற் கொள்க:
1. விடை எழுதும்போது “நீர் பாறையை அரிக்கின்றது” என்பதோடு நின்றுவிடாதீர்கள். வன்பாறை, மென்பாறை, கீழறுப்பு, உடைவு, பின்வாங்கல் என ஒழுங்காக எழுதுங்கள்.
2. பாறையின் தன்மை, நீரின் அளவு ஆகியன மாறும்போது அரிப்பின் வேகமும் மாறும். ஆண்டுக்கு ஓரடி என்ற மிகக் குறைந்த வேகத்தைக் கொண்டதாலேயே லயலின் எண் பிழைத்தது.