குன்பெய் யோக்கோய்

குன்பெய் யோக்கோய் (செப்டம்பர் 10, 1941 – அக்டோபர் 4, 1997) ஜப்பானைச் சேர்ந்த விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளர் ஆவார். நிகழ்பட ஆட்டங்களை (வீடியோ கேம்) கைக்குள் அடங்கும் கருவிகளாக மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர். நின்டெண்டோ நிறுவனத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றினார். கேம் அண்ட் வாட்ச், கேம் பாய் ஆகிய கருவிகளும், ஆட்டக் கருவிகளில் காணப்படும் கூட்டல் குறி வடிவத் திசைப் பொத்தானும் இவருடைய பெயருடன் இணைத்துப் பேசப்படுகின்றன.

இளமையும் நின்டெண்டோவில் சேர்தலும்

யோக்கோய் கியோத்தோ நகரில் பிறந்தார். அங்குள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று, 1965 ஆம் ஆண்டு நின்டெண்டோவில் சேர்ந்தார். அக்காலத்தில் அந்நிறுவனத்தின் முக்கியத் தொழில் ஹனஃபுடா எனப்படும் சீட்டுகளை அச்சிடுவதாகும். சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதின்றிப் பராமரிப்பதே இவருக்கு அளிக்கப்பட்ட வேலை.

ஓய்வு நேரத்தில், நீட்டினால் நீண்டும் மடக்கினால் சுருங்கியும் பொருள்களைப் பற்றும் ஒரு கையை இவர் பொழுதுபோக்காகச் செய்து வைத்திருந்தார். தொழிற்சாலைக்கு வந்த நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைக் கண்டார். கண்டிப்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட அவர், அதையே விற்பனைப் பொருளாக ஆக்கும்படி பணித்தார். 1966 இல் அல்ட்ரா ஹாண்ட் என்ற பெயரில் வெளிவந்த இப்பொம்மை பத்து லட்சத்திற்கும் மேல் விற்றது. பராமரிப்புப் பணியாளராக இருந்தவர் அதன்பின் வடிவமைப்பாளர் ஆனார்.

கேம் அண்ட் வாட்ச்

1970களின் இறுதியில், அதிவேகத் தொடர்வண்டியில் பயணித்த அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யோக்கோய் கண்டார். பிறர் கவனிக்காதபடி கையில் மறைத்து ஆடக்கூடிய சிறு கருவி என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது. கணிப்பான் நிறுவனங்களின் கடும் போட்டியால் நீர்மப் படிகத் திரைகள் அப்போது மலிந்து கிடந்தன. புதுமை நீங்கி விலை வீழ்ந்த தொழில்நுட்பத்தை எவரும் எண்ணாத வேறொரு பயனுக்குத் திருப்புவது இவருடைய வழிமுறையாகும். வாழ்நாள் முழுவதும் இவர் இதையே பின்பற்றினார்.

முதல் கருவியான பால் 1980 ஏப்ரலில் வெளிவந்தது. இதன் திரையில் உருவங்கள் முன்னரே வரையப்பட்டு நிலையாக இருக்கும். மின்சாரம் பாயும் உருவம் மட்டும் கருமையாகத் தெரியும். பந்து நகர்வதில்லை; ஓரிடத்துப் பந்து மறைந்து அடுத்த இடத்துப் பந்து தோன்றுகிறது. ஆடாத வேளையில் கருவி கடிகாரமாகப் பயன்பட்டது. 1991 வரை 60 வகைகள் உருவாக்கப்பட்டு 4 கோடிக்கு மேல் விற்பனையாயின.

1982 இல் வந்த டாங்கி காங் வகையில் திசைப் பொத்தான் முதன்முதலில் இடம்பெற்றது. தடித்த இயக்குபிடி ஒன்றைப் பொருத்தினால் கருவியை மடித்துச் சட்டைப்பையில் வைக்க இயலாது என்பதே இதற்குக் காரணம். மறு ஆண்டு வந்த ஃபேமிகாம் என்னும் வீட்டுக் கருவி இப்பொத்தானை அப்படியே ஏற்றது. அதனைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் கருவிகள் 1990களில் தமிழகத்தில் தேனி, கம்பம் போன்ற ஊர்கள் வரை பரவின. அவற்றைத் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடிய சிறுவர்களின் இடது கட்டைவிரல் யோக்கோயின் பொத்தானில்தான் இருந்தது. அதே காலத்தில் பரவலாக விற்ற பிரிக் கேமும் இவருக்குக் கடன்பட்டதே. அதன் உடல் கேம் பாயைப் போன்றது. நிலையான கட்டங்கள் கொண்ட திரையோ கேம் அண்ட் வாட்ச் வகையைச் சேர்ந்தது.

கேம் பாய்

1989 ஏப்ரலில் வெளியான கேம் பாய்க்கு வண்ணத்திரை இல்லை. பின்னொளியும் இல்லை. போட்டி நிறுவனங்களின் வண்ணக் கருவிகள் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட, இது நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேல் இயங்கியது. விலையும் குறைவு. இதன் வண்ணப் பதிப்பையும் சேர்த்து ஏறத்தாழ 11.9 கோடி கருவிகள் விற்றன. இப்புகழை யோக்கோய்க்கு மட்டும் அளிப்பது முறையன்று. அவருடைய பிரிவில் பணியாற்றிய சட்டோரு ஒக்காடாவின் பங்கும் பெரியது.

தோல்வியும் விலகலும்

1995 இல் வந்த விர்ச்சுவல் பாய் முப்பரிமாணக் காட்சியைச் சிவப்பு, கறுப்பு ஆகிய இரு நிறங்களில் மட்டும் காட்டியது. ஏறத்தாழ 7.7 லட்சம் கருவிகளே விற்ற நிலையில் அது கைவிடப்பட்டது. 1996 ஆகஸ்டில் யோக்கோய் நின்டெண்டோவிலிருந்து விலகினார். தோல்வியே காரணம் எனப் பலரும் எழுதினர். ஆனால் ஐம்பது வயதை ஒட்டித் தனியே தொழில் தொடங்குவது தமது பழைய திட்டம் என்று அவர் தெரிவித்திருந்தார். கோட்டோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்திற்காக வொண்டர்ஸ்வான் என்ற கருவியை வடிவமைக்கலானார்.

அதன் வெளியீட்டைக் காண அவர் இருக்கவில்லை. 1997 அக்டோபர் 4 அன்று இஷிகாவா மாகாணத்தில் நெடுஞ்சாலை விபத்தொன்றில் சிக்கினார். சேதத்தைப் பார்க்க வாகனத்தை விட்டு இறங்கியபோது வேறொரு வாகனம் மோதி உயிரிழந்தார். அப்போது வயது 56. ஒரே மின்கலத்தில் இயங்கிய வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் வெளிவந்தது. அத்துடன் வந்த புதிர் ஆட்டத்திற்குக் குன்பெய் என்று பெயரிடப்பட்டது.

சேகரிப்பாளர்களிடையே

யோக்கோயின் கருவிகள் பழைய ஆட்டக் கருவிகளைச் சேகரிப்போரால் விரும்பித் தேடப்படுகின்றன. தோல்வியுற்ற விர்ச்சுவல் பாய், குறைவாக விற்ற காரணத்தாலேயே மதிப்புப் பெற்றது. இவற்றைக் காப்பது எளிதன்று. கேம் அண்ட் வாட்ச் கருவிகளில் மறந்து விடப்பட்ட பொத்தான் மின்கலம் கசிந்து இணைப்புகளை அரித்துவிடும். திரையின் மேற்படலம் காலப்போக்கில் மங்கும். விர்ச்சுவல் பாயில் திரையை இணைக்கும் நாடாக்கம்பியின் பசை விடுபட்டுக் காட்சியில் கோடுகள் விழும். பற்றவைத்துத்தான் அதனைச் சரிசெய்ய முடிகிறது.

2020 இல் நின்டெண்டோ, கேம் அண்ட் வாட்ச் பெயரில் புதிய கருவியொன்றை வெளியிட்டது. 2024 அக்டோபரில் ஊஜி நகரில், ஒருகாலத்தில் சீட்டுகள் தயாரிக்கப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அல்ட்ரா ஹாண்டைக் கையிலெடுத்து உருளும் பந்துகளைப் பற்றும் ஆட்டம் அங்கு பார்வையாளர்களுக்காக அமைக்கப்பட்டுள்ளது.