நம் வீட்டுக் கூரையில் ஐன்ஸ்டீன்



ஐன்ஸ்டீன் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது கலைந்த வெள்ளை முடியும், சார்பியல் தத்துவமும்தான். அவரும் நம்மைப் போல் ஒரு பாலிடெக்னிக்கில் படித்தவர், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது சார்பியலுக்காக அல்ல என்பதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போன வருஷம் எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு சோலார் பேனல் ஏறியது. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஏன் என்று தேடப் போன இடத்தில்தான் இந்த மாமேதையைச் சந்தித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தொழில் நொடித்த வீடு

ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 14.3.1879 அன்று ஜெர்மனியில் உல்ம் என்ற ஊரில் பிறந்தார். மறு வருஷமே குடும்பம் மியூனிக் நகரத்துக்குக் குடிபோனது. அங்கே அப்பா ஹெர்மனும் சித்தப்பா யாகோபும் சேர்ந்து மின்சாரக் கம்பெனி நடத்தினார்கள். டைனமோ, விளக்கு, மீட்டர் எல்லாம் செய்து விற்றார்கள். 1885-ல் மியூனிக் நகரத்துப் பெரிய திருவிழாவுக்கு முதன்முதலில் மின்விளக்கு போட்டுக் கொடுத்தது இவர்கள் கம்பெனிதான். ஆக, ஐன்ஸ்டீன் தவழ்ந்து விளையாடியது ஒயரும் டைனமோவும் கிடந்த வீட்டில்!

ஆனால் பெரிய கம்பெனிகளோடு சின்னக் கம்பெனி எத்தனை நாள் மோத முடியும்? 1893-ல் நகரத்துக்கு விளக்குப் போடும் டெண்டர் கைநழுவிப் போனது. 1894-ல் கம்பெனியை மூடிவிட்டு இத்தாலிக்குப் போனார்கள். அங்கேயும் நஷ்டம். உறவுக்காரர்களிடம் வாங்கிய கடன் தலைக்கு மேல். மகனை மட்டும் படிப்புக்காக மியூனிக்கில் விட்டிருந்தார்கள். அந்தப் பள்ளியின் கண்டிப்பு பிடிக்காமல் அவரும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பெற்றோரிடமே போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 15.

பாலிடெக்னிக் வாசலில்

1895-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் பாலிடெக்னிக்கின் நுழைவுத் தேர்வை எழுதினார். மற்றவர்களைவிட இரண்டு வயது சின்னவர். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். மொழி முதலிய பொதுப் பாடங்களில் தேறவில்லை. ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் ஆனவர் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது சுத்தப் பொய். ஆராவ் என்ற ஊர்ப் பள்ளியில் ஒரு வருஷம் படித்துவிட்டு, 1896-ல் 17 வயதில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார்.

அங்கே அவர் எப்படிப்பட்ட மாணவர் தெரியுமா? பிடித்த வகுப்புக்குப் போவார், பிடிக்காததற்குக் கட் அடிப்பார். பிராக்டிகலுக்கு ஒழுங்காக வராததற்கு 1899-ல் எழுத்து மூலமாகவே கண்டிப்பு வந்தது. பரீட்சை நேரத்தில் காப்பாற்றியது நண்பர் மார்சல் கிராஸ்மனின் நோட்டுதான். அத்தை வீட்டார் மாதம் 100 பிராங்க் அனுப்புவார்கள். அதில் 20 பிராங்க்கை சுவிஸ் குடியுரிமைக்காக எடுத்து வைத்துவிட்டு மீதியில் சாப்பிடுவார். 1900-ல் டிப்ளமோ கிடைத்தது. இறுதித் தேர்வு எழுதிய ஐந்து பேரில் தேறியவர் நால்வர். அந்த நால்வரில் இவர் கடைசி. மற்ற மூவருக்கும் பாலிடெக்னிக்கிலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. இவருக்கு மட்டும் இல்லை.

ஒரு தகப்பனின் கடிதம்

அடுத்த இரண்டு வருஷம் வேலை தேடினார். பேராசிரியர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். பையன்களுக்கு டியூஷன் எடுத்தார். நிலையான வேலை மட்டும் அமையவில்லை.

1901 ஏப்ரலில் அவருடைய அப்பா ஒரு காரியம் செய்தார். லைப்சிக் நகரத்தில் இருந்த ஆஸ்ட்வால்ட் என்ற பெரிய வேதியியல் பேராசிரியருக்கு மகனுக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதினார். என் மகன் படித்துவிட்டு வேலையில்லாமல் மனம் உடைந்து கிடக்கிறான், எங்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்று அவனுக்கு எண்ணம், நீங்கள் நாலு வார்த்தை ஆறுதலாக எழுதினால் போதும், முடிந்தால் ஒரு வேலை கொடுங்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். வேலை எதுவும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அவர் எனக்குத் தெரியாமல் ஒரு பட்டறைக்காரரிடம் போய், பையன் படிப்பு முடிக்கப் போறான், ஒரு வழி பண்ணுங்க என்று கேட்டுவிட்டு வந்தது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை.

கடைசியில் கிராஸ்மனின் அப்பா சிபாரிசு செய்ய, 1902 ஜூனில் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப அலுவலர் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு 3500 பிராங்க் சம்பளம். மின்கருவிகளைக் கண்டுபிடித்தவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, வேலை செய்யுமா செய்யாதா என்று சொல்வதுதான் உத்தியோகம். அதே அக்டோபரில் அப்பா ஹெர்மன் இறந்துபோனார். மகன் பின்னால் என்ன ஆகப் போகிறான் என்பதை அவர் பார்க்கவில்லை.

1905: ஒளி என்பது மணி மணியாக!

உலோகத்தின் மேல் சில வகை ஒளி பட்டால் எலக்ட்ரான் வெளியே வருவதை அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். 1887-ல் ஹெர்ட்ஸ் கவனித்தார், 1902-ல் லெனார்ட் ஆராய்ந்தார். ஆனால் ஒரு புதிர் இருந்தது. ஒளியைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியதே தவிர, வேகம் கூடவில்லை. ஒளி வெறும் அலை என்றால் இப்படி நடக்கக் கூடாதே!

26 வயது அலுவலர் 1905-ல் விடை சொன்னார். ஒளி சின்னச் சின்ன ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொட்டலம் ஒரு எலக்ட்ரானைத்தான் தட்டும். பொட்டலத்தின் பலத்தைத் தீர்மானிப்பது ஒளியின் நிறம், அதாவது அதிர்வெண். பொட்டலங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பிரகாசம்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மாமரத்தில் பஞ்சு உருண்டையைக் கூடை கூடையாக எறிந்தாலும் மாங்கா விழாது. குறி தவறாத ஒரு கல் போதும். அவ்வளவுதான் விஷயம்!

யாரும் உடனே நம்பவில்லை. மில்லிகன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இது தவறு என்று காட்டப் பல வருஷம் சோதனை செய்து, 1916-ல் ஐன்ஸ்டீனின் சமன்பாடு அப்படியே பொருந்துகிறது என்று வெளியிட வேண்டியதாயிற்று. 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு 1922-ல் அறிவிக்கப்பட்டது. அப்போது ஐன்ஸ்டீன் ஜப்பானுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் கொழும்பிலும் இறங்கிப் பார்த்திருந்தார். அந்தப் பரிசுக்கு அவர் பெயரை முதன்முதலில், 1910-லேயே, பரிந்துரைத்தவர் யார் தெரியுமா? அப்பா கடிதம் எழுதினாரே, அதே ஆஸ்ட்வால்ட்!

எங்கள் வீட்டுப் பேனல்

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். ஓடையோரம் பட்டா இல்லாத இடத்தில் எங்கள் வீடு. அதனால் மின்கம்பம் வரவில்லை. அப்பா சீட்டு எடுத்து 100 வாட் பேனல், 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், இரண்டு எல்.இ.டி. பல்பு, ஒரு டி.சி. ஃபேன் வாங்கினார். கடைக்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார். இரண்டே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கே விளக்கு மங்கியது. தங்கச்சிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அவள் மறுபடி மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து வைத்தாள். சீட்டுப் பணம் போச்சே என்று அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சூடுதானே கரண்டு ஆகுது, இப்ப வெயில் கொளுத்துதே, அப்புறம் என்ன என்பது அப்பாவின் கேள்வி. ஐன்ஸ்டீன் சொன்னது அப்போதுதான் எனக்குக் கைகொடுத்தது. அடுப்பு அனலைப் பேனலிடம் காட்டினால் கரண்டு வராது. அந்த அனலின் பொட்டலங்கள் பஞ்சு உருண்டை. சிலிக்கானில் எலக்ட்ரானை விடுவிக்க ஒரு பொட்டலத்துக்குச் சுமார் 1.1 எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் வேண்டும். உலோகத்தில் போல எலக்ட்ரான் வெளியே பறப்பதில்லை. உள்ளேயே விடுபட்டு, பி-என் சந்தியால் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. சூடு ஏறினால் லாபமில்லை, நஷ்டம்தான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறன் குறையும். அதனால் பேனலுக்குக் கீழே காற்று ஓட இடம் விட வேண்டும்.

மல்டிமீட்டரை நண்பனிடம் கடன் வாங்கி அளந்தேன். சும்மா திறந்து வைத்து அளந்தால் காலை எட்டு மணிக்கும் நடுப்பகலுக்கும் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 20 வோல்ட். ஆம்பியர் மட்டும் காலையில் 1, நடுப்பகலில் 5. எண்ணிக்கை பிரகாசத்தைப் பொறுத்தது என்று 1905-ல் அவர் எழுதியது எங்கள் ஓட்டுக் கூரையில் தெரிந்தது! ஆனால் மூன்று மணிக்கு ஆம்பியர் திடீரென்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தென்னை ஓலையின் நிழல் பேனலின் ஒரு மூலையில். 36 செல்லும் தொடராக இணைந்தவை; ஒரு செல்லில் நிழல் விழுந்தால், தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தது போல மொத்த ஓட்டமும் குறையும்.

நானும் அப்பாவும் பேனலைக் கூரையின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். தெற்கு பார்த்து, சுமார் 12 டிகிரி சாய்வு. வாரம் ஒரு தடவை விடியற்காலையில் தூசி துடைக்கிறோம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றி, முனையில் வாசலின் தடவுகிறோம். கணக்கும் போட்டோம். இரண்டு 7 வாட் பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் 70 வாட்-மணி. 20 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 160. மொத்தம் 230. பேட்டரி கொள்ளளவு 480 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். ஆகவே அதோடு நிறுத்திக்கொள்கிறோம். செல்போனைப் பகலிலேயே சார்ஜ் போட்டுவிடுகிறோம். தங்கச்சி பதினொரு மணி வரை படித்தாள். பாஸ் ஆகிவிட்டாள்!

பின்னாளில்

ஐன்ஸ்டீனுக்கும் வீட்டுச் சாமான்களில் அக்கறை இருந்தது. பெர்லினில் ஃபிரிஜ் வாயு கசிந்து ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துவிட்டு, லியோ சிலார்டுடன் சேர்ந்து ஓடும் பாகமே இல்லாத ஃபிரிஜ் ஒன்றை வடிவமைத்தார். 1930-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் என்ற நம் நாட்டு இளைஞர் 1924-ல் ஒளிப் பொட்டலங்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். அதைத் தானே ஜெர்மன் மொழியில் பெயர்த்து அச்சேற்றினார். முன்பின் தெரியாதவருக்குக் கடிதம் போட்டுக் காத்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியுமே! யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சியில் 1933-ல் நாட்டை இழந்து அமெரிக்கா சென்றார்.

25.4.1954 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் சோலார் செல்லை உலகுக்குக் காட்டினார்கள். எங்கள் வீட்டுப் பேனலுக்கு அதுதான் பாட்டன். அப்போது ஐன்ஸ்டீனுக்கு வயது 75. மறு வருஷம் 18.4.1955 அன்று பிரின்ஸ்டனில் காலமானார்.

நண்பர்களே! கடைசி ரேங்க்கில் தேறியவர், வேலை கிடைக்காதவர், அப்பாவுக்குப் பாரம் என்று நினைத்தவர்தான் அவர். நமக்கும் அரியர் இருக்கலாம், இன்டர்வியூவில் திருப்பி அனுப்பலாம். எங்கப்பா இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களிடம், என் பையன் மாட்டினது என்று பேனலைக் காட்டுகிறார். அதுவே எனக்கு முதல் சர்டிபிகேட். கேள்வி கேட்போம், அளந்து பார்ப்போம், முயற்சியைக் கைவிடோம். வெல்வோம்!

மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை