புதுமலர் தந்த தோட்டக்காரர்

பூக்கடைகளில் கார்னேஷன் மலர்கள் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் கண்ணைக் கவரும். இவற்றுள் பெரும்பாலானவை காட்டில் தாமாகத் தோன்றியவை அல்ல. மனிதர்கள் நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கியவை. இரண்டு வேறு இனச் செடிகளை மனிதர் தம் கையாலேயே இணைத்து, புதிய செடி ஒன்றை உருவாக்க முடியும் என்று முதன்முதலில் காட்டியவர், இலண்டனில் நாற்றுப்பண்ணை நடத்திவந்த ஒரு தோட்டக்காரர். அவர்தாம் தாமஸ் ஃபேர்சைல்ட்.

ஃபேர்சைல்ட் 1667ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வட்டாரத்திலுள்ள ஆல்ட்பர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் இலண்டனுக்கு வந்து, துணித்தொழில் செய்பவர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஆயினும், அவர் அத்தொழிலில் நிலைக்கவில்லை. 1690ஆம் ஆண்டு வாக்கில் தோட்டத் தொழிலில் இறங்கினார். அப்போது இலண்டன் நகருக்கு வடக்கே இருந்த ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் நாற்றுப்பண்ணைகள் பல இருந்தன. ஃபேர்சைல்டின் பண்ணையும் அங்கேதான் வளர்ந்தது.

உழைப்பும் கூர்ந்து நோக்கும் பழக்கமும் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன. பலவகைத் திராட்சைக் கொடிகளை அவர் வளர்த்தார். அமெரிக்கக் காடுகளில் சுற்றித் திரிந்த மார்க் கேட்ஸ்பி என்னும் இயற்கை ஆய்வாளர், அங்குக் கிடைத்த செடிகளையும் விதைகளையும் கப்பல் மூலம் அவருக்கு அனுப்பிவைத்தார். அரிய செடிகளைக் காண விரும்பிய அறிஞர்களும் ஹாக்ஸ்டனைத் தேடி வந்தனர்.

அந்தக் காலத்தில் பூக்களைப் பற்றிய ஒரு புதிய கருத்து அறிஞர்களிடையே பரவத் தொடங்கியிருந்தது. விலங்குகளைப் போலவே செடிகளிலும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்பதே அக்கருத்து. ஆண் உறுப்பிலிருந்து வரும் மகரந்தம் பெண் உறுப்பைச் சேர்ந்தால்தான் விதை உண்டாகும் என்பதை 1694ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கமெராரியஸ் சோதனைகள் மூலம் விளக்கினார். ஆனால், பலர் இதை ஏற்கவில்லை. இன்று தொடக்கப்பள்ளி மாணவரும் அறிந்திருக்கும் இந்த உண்மை, அன்று பெரும் விவாதத்துக்கு உரியதாக இருந்தது.

இதில் மற்றொரு சிக்கலும் இருந்தது. உலகிலுள்ள எல்லா உயிரினங்களையும் இறைவன் தொடக்கத்திலேயே படைத்து முடித்துவிட்டான் என்று அக்கால மக்கள் நம்பினர். அவ்வாறிருக்க, மனிதன் புதிய செடி ஒன்றை உண்டாக்கினால், அது இறைவனின் வேலையில் தலையிடுவதாகாதா? ஃபேர்சைல்டும் இறைநம்பிக்கை மிக்கவர். ஆயினும், மகரந்தம் உண்மையிலேயே அத்தகைய ஆற்றல் உடையதா என்பதைச் சோதித்துப் பார்க்க அவர் துணிந்தார்.

சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு செடிகள். ஒன்று கார்னேஷன், மற்றொன்று ஸ்வீட் வில்லியம். இரண்டும் டையாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால், தோற்றத்தில் வேறுபட்டவை. கார்னேஷனின் பூ பெரியது, நறுமணம் மிக்கது. ஸ்வீட் வில்லியத்தின் பூக்களோ சிறியவை. தண்டின் உச்சியில் கொத்தாகப் பூப்பவை. ஃபேர்சைல்ட் ஸ்வீட் வில்லியத்தின் மகரந்தத்தை எடுத்து, கார்னேஷன் பூவின் சூல்முடியில் தடவினார். இதற்கு அவர் ஒரு பறவையின் இறகைப் பயன்படுத்தினார் என்று கூறுவர்.

செய்த வேலை சில நொடிகளில் முடிந்துவிட்டது. ஆனால், விடை உடனே கிடைக்கவில்லை. பூ வாடி விதை முற்ற வேண்டும். அந்த விதையை விதைக்க வேண்டும். அது முளைத்து வளர்ந்து பூக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அவருடைய காத்திருப்பு வீண்போகவில்லை. அந்த விதையிலிருந்து வளர்ந்த செடி கார்னேஷனும் அன்று. ஸ்வீட் வில்லியமும் அன்று. இரண்டின் சாயலையும் கொண்ட ஒரு புதிய செடி அது.

ரிச்சர்ட் பிராட்லி என்னும் அறிஞர் 1717ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது தோட்டக்கலை நூலில் இச்செடியைப் பற்றி எழுதினார். 1720ஆம் ஆண்டில் அதன் உலர்ந்த மாதிரி, ராயல் சொசைட்டி என்னும் புகழ்பெற்ற அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. துணித்தொழில் பயிற்சியோடு வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவரின் கைவேலையை நாட்டின் தலைசிறந்த அறிஞர்கள் ஆராய்ந்தனர்.

இந்தச் செடிக்கு ‘ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை’ என்ற வேடிக்கையான பெயர் வழங்கலாயிற்று. கழுதைக்கும் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி ஈனுவதில்லை. அதுபோலவே, இச்செடியும் பூத்ததே தவிர, முளைக்கக்கூடிய விதையைத் தரவில்லை. அதனால், தண்டுகளை வெட்டி நட்டும் பதியமிட்டுமே அதைப் பெருக்க முடிந்தது.

ஃபேர்சைல்டின் அறிவு ஆர்வம் அத்துடன் நின்றுவிடவில்லை. அக்காலத்தில் இலண்டன் மாநகர் நிலக்கரிப் புகையால் சூழப்பட்டிருந்தது. வீட்டு முற்றங்களிலும் பொதுச் சதுக்கங்களிலும் நட்ட செடிகள் பல கருகிப்போயின. அந்தப் புகையைத் தாங்கி வளரக்கூடிய செடிகள் எவை என்பதை விளக்கி, 1722ஆம் ஆண்டில் ‘நகரத் தோட்டக்காரர்’ என்னும் பொருள்படும் நூலொன்றை எழுதினார். பெரிய தோட்டம் இல்லாத நகரவாசிகளும் பசுமையை அனுபவிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். செடிகளில் சாறு எவ்வாறு செல்கிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1724ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் இதழில் இடம்பெற்றது.

1729ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் ஃபேர்சைல்ட் இயற்கை எய்தினார். அவர் எழுதிவைத்திருந்த உயிலில் இரண்டு விருப்பங்கள் இருந்தன. ஏழை மக்களை அடக்கம் செய்யும் இடத்திலேயே தம்மையும் அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்றுக்காக அவர் ஷோர்டிச் பகுதியிலிருந்த தேவாலயத்துக்கு 25 பவுண்டு விட்டுச் சென்றார். அதன் வருவாயைக் கொண்டு, படைப்பில் காணப்படும் இறைவனின் அற்புதங்களைப் பற்றி ஆண்டுதோறும் ஓர் அருளுரை நிகழ்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த அருளுரை பல தலைமுறைகளாக நிகழ்த்தப்பட்டது. புதிய செடியை உருவாக்கியது குறித்து அவர் உள்ளத்தில் எழுந்த அச்சமே இதற்குக் காரணம் என்று சிலர் கருதுவர். இயற்கையின் மீது அவர் கொண்ட வியப்பே காரணம் என்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், கேள்வி கேட்கும் அறிவும் பணிவுள்ள மனமும் அவரிடம் ஒன்றாகவே குடிகொண்டிருந்தன.

அவர் காட்டிய வழியில் உடனே பலர் செல்லவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின்னரே கோல்ராய்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கலப்பினச் செடிகளை முறையாக ஆராயத் தொடங்கினார். அதன்பின், 19ஆம் நூற்றாண்டில் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை இணைத்துப் பார்த்து, பண்புகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும் முறையைக் கண்டறிந்தார். இன்று நாம் உண்ணும் பல தானியங்களும் காய்கனிகளும் இத்தகைய கலப்பு முறையால் மேம்படுத்தப்பட்டவையே.

நமக்கு அருகிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் வாழ்ந்த ஆக்னஸ் ஜோவாக்கிம் என்னும் பெண்மணி, தம் தோட்டத்தில் இரண்டு வகை ஆர்க்கிட் செடிகளை இணைத்துப் புதிய மலர் ஒன்றை உருவாக்கினார். 1893ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகமான அம்மலரே ‘வாண்டா மிஸ் ஜோவாக்கிம்’. 1981ஆம் ஆண்டில் அது சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அம்மலரைக் காணும்போது, பல ஆண்டுகளுக்கு முன்பு ஹாக்ஸ்டனில் ஒரு கார்னேஷன் செடியின் முன் பொறுமையோடு காத்திருந்த அந்தத் தோட்டக்காரரையும் நாம் நன்றியுடன் நினைத்துப் பார்க்கலாம்.