விலைபோகாத துணை ஆளுநர் ஒஸ்கார் டன்

அமெரிக்க மாநிலமொன்றின் துணை ஆளுநர் பதவி பார்வைக்குப் பெரியது, அதிகாரத்தில் சிறியது. செனட் சபைக்குத் தலைமை தாங்கலாம். ஆளுநர் இல்லாத வேளையில் அவரது கதிரையில் அமரலாம். 1868 இல் லூசியானாவின் குடியரசுக் கட்சியினர் அந்தப் பதவிக்கு ஒரு கறுப்பினத்தவரை நிறுத்தியபோது, அவர் அலங்காரத்துக்கு இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் கட்சிக்குள்ளேயே இருந்திருப்பார்கள். ஒஸ்கார் ஜேம்ஸ் டன் அப்படி இருக்கவில்லை.

நியூ ஓர்லியன்ஸில் அடிமையாகப் பிறந்தவர் அவர். தச்சுத் தொழிலாளியான மாற்றாந்தந்தை பணம் கொடுத்து மனைவியையும் பிள்ளைகளையும் மீட்டார். சுவருக்குச் சாந்து பூசும் தொழிலைக் கற்ற டன், வயலினும் பழகி இசை ஆசிரியரானார். உள்நாட்டுப் போர் முடிந்ததும், விடுதலையான அடிமைகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் நிலையமொன்றை நடத்தினார். எழுதப்படிக்கத் தெரியாதவர்களைத் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் ஏமாற்றிவந்த காலம் அது. அவரது அரசியல் அங்கேதான் தொடங்கியது எனலாம்.

அவரோடு ஆளுநராகத் தெரிவானவர் ஹென்றி கிளே வார்மொத். வடக்கிலிருந்து வந்த முன்னாள் இராணுவ அதிகாரி, வயது 26. கறுப்பின வாக்குகளால் வென்ற அவர், பொது இடங்களில் நிறப் பாகுபாடு காட்டுவோரைத் தண்டிக்கும் சட்டமூலத்தை அதே ஆண்டு கையொப்பமிடாமல் திருப்பியனுப்பினார். பழைய எசமானர்களைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பது அவரது கணக்கு. அந்தச் சமாதானத்தின் விலையை யார் கொடுப்பது என்பதே டன்னின் கேள்வி. இருவருக்கும் இடையிலான விரிசல் ஆண்டுக்காண்டு அகன்றது.

இலஞ்சம் மலிந்திருந்த லூசியானாவில் டன்னின் கை சுத்தமாக இருந்தது. கறுப்பினத்தவரின் ஆட்சியை வெறுத்தவர்களும் அவரது நேர்மையைக் குறை சொல்லவில்லை.

1871 இல் காலில் காயமடைந்த வார்மொத் மாநிலத்துக்கு வெளியே ஓய்வெடுக்கச் சென்றார். டன் 39 நாட்கள் பதில் ஆளுநரானார். அமெரிக்க மாநிலமொன்றில் அக்கடமையை ஆற்றிய முதலாவது கறுப்பினத்தவர் அவரே. அந்த ஓகஸ்ட் மாதம் கட்சியின் மாநாடு சுங்கக் கட்டடத்துக்குள், கட்லிங் துப்பாக்கிகளுடன் மத்திய அரசின் படையினர் காவல் நிற்க நடந்தது. (கட்சி மாநாட்டுக்கு இயந்திரத் துப்பாக்கி!) தலைமை தாங்கியவர் டன். வார்மொத் அணி வெளியேறி வேறிடத்தில் கூடியது.

மூன்று மாதங்கள் கழித்து டன் திடீரென நோயுற்றார். நவம்பர் 22 இல் இறந்தார், ஐம்பதை எட்டியிருக்கவில்லை. மூளையில் இரத்தம் தேங்கியதே காரணம் என்றார்கள். நஞ்சூட்டப்பட்டார் என்ற பேச்சு அன்றே கிளம்பியது. குடும்பத்தினர் பிரேத பரிசோதனைக்கு உடன்படாததால் அது சந்தேகமாகவே நின்றுவிட்டது. ஜனாஸா ஊர்வலம் போல, அவரது இறுதி ஊர்வலத்தில் நகரமே திரண்டது.

வெற்றிடத்துக்கு, அப்போது வார்மொத்தின் ஆதரவாளராக இருந்த பிஞ்ச்பெக்கைச் செனட் தெரிவு செய்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வார்மொத் மீது குற்றப்பிரேரணை வந்து அவர் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டபோது, பிஞ்ச்பெக் 35 நாட்கள் ஆளுநரானார். டன் உயிருடன் இருந்திருந்தால் அந்தக் கதிரை அவருடையது. அடுத்த கறுப்பின ஆளுநரை அமெரிக்கா கண்டது 1990 இல், வேர்ஜீனியாவில்.

டன்னுக்கு நினைவுச்சின்னம் அமைக்க 1873 இல் மாநில சட்டசபை 10,000 டொலர் ஒதுக்கியது. அது கட்டப்படவே இல்லை.