ராஜகுமாரி அம்ருத் கௌர்

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, எய்ம்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நோய் எனக்கன்று. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் பீகார் நண்பனின் தந்தையார், இருதயக் கோளாறு என்று ஊரிலிருந்து வந்திருந்தார். டில்லிக் குளிரை அறிந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. நடைபாதை நெடுகக் கம்பளிக்குள் மனிதர்கள் சுருண்டு கிடந்தார்கள். எத்தனை மாகாணத்து முகங்கள், எத்தனை பாஷைகள்! நம்பிக்கை ஒன்றே அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது.

பெரியவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். தம் கிராமத்துக்கு அருகில் சர்க்கார் சுகாதார நிலையம் ஒன்று உண்டு, கட்டடம் உண்டு, பலகையும் உண்டு, டாக்டரைத்தான் கண்டதில்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியை இங்கே கட்டியவர்கள் அங்கே ஒரு டாக்டரை உட்கார வைத்திருக்கக் கூடாதா என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டியவர் யார் என்பதே அன்று எனக்குத் தெரியாது. பிறகு நூல்நிலையத்தில் தேடிப் படித்தேன். சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி நம் செயலாளர் கேட்டபோது, அப்படிப் படித்ததையே எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் ராஜா ஹர்நாம் சிங். கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர். அவருடைய மகளாக லக்னோவில் பிறந்தவர் அம்ருத் கௌர் அம்மையார். இங்கிலாந்தில் ஷெர்போர்ன் பள்ளியில் படித்தார். டென்னிஸ் நன்றாக ஆடுவார். அந்த வாழ்வு அப்படியே போயிருந்தால் நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். தந்தையாரின் இல்லத்துக்கு வந்துபோன கோகலேயின் வழியாகக் காந்தியடிகளின் பெயர் அவர் காதில் விழுந்தது. 1927இல் அகில இந்திய மாதர் மாநாட்டைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1930இல் தந்தையார் மறைந்த பின்னர் முற்றிலும் தேசப் பணியில் இறங்கினார். பட்டையும் பணியாட்களையும் விட்டு ஆசிரமத்துக்குச் சென்று, காந்தியடிகளின் காரியதரிசியாகப் பல்லாண்டு உழைத்தார். 1942இல் சிறை சென்றார்.

1947இல் நேருவின் மந்திரிசபையில் சுகாதார இலாகா அவரிடம் வந்தது. அன்றைய நாட்டின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. மலேரியாக் காய்ச்சல் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேரைப் பிடித்து, 8 லட்சம் பேரைக் கொண்டுபோயிற்று. என்ன செய்யவேண்டும் என்பதற்குத் திட்டம் இல்லாமற் போகவில்லை. 1943இல் அமைந்த ஜோசப் போர் குழு (நம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் அங்கத்தினர்) 1946இலேயே அறிக்கை தந்துவிட்டது. கையில் பணம் இல்லை என்ற காரணத்தால் ஒருவனுக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பதுதான் அதன் அடிப்படை. 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று முதற்கட்டக் கணக்கும் அதிலே இருந்தது.

இருந்ததெல்லாம் காகிதத்தில். கஜானாவோ காலி. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பெரியவரின் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். நம் அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலங்களின் பொறுப்பு. டில்லியிலுள்ள மந்திரி திட்டம் வகுக்கலாம், பணம் கொடுக்கலாம், வற்புறுத்தலாம். பீகாரின் ஒரு கிராமத்தில் இன்னார் போய் உட்காரவேண்டும் என்று உத்தரவிட இயலாது. 1952 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழத் தொடங்கின. ஆனால் 40,000 பேருக்கு ஒன்றாக அல்ல. 60,000 முதல் 1 லட்சம் பேர் வாழும் வட்டாரத்துக்கு ஒன்று, அதில் 6 படுக்கை. சோற்றுப் பானையில் ஒரு கரண்டி எடுத்து ஊருக்கே பரிமாறிய கதைதான்.

ஆகவே அம்மையார் மத்திய சர்க்காரால் எவை ஆகுமோ அவற்றை இறுகப் பற்றினார். 1950இல் உலக சுகாதார மகாசபைக்குத் தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே. வெளிநாடுகளின் உதவியைக் கேட்டுப் பெறக் கூசவில்லை. 1953இல் தொடங்கிய மலேரியா ஒழிப்பு இயக்கம் சில ஆண்டுகளில் அந்தக் கோடிகளை லட்சத்துக்கும் கீழே இறக்கிற்று. பின்னர் கவனம் தளர்ந்து 1976இல் மீண்டும் 64 லட்சமாக ஏறியது வேறு கதை. அதைக் காண அவர் இல்லை.

க்ஷயரோகத்துக்குப் பி.சி.ஜி. அம்மை குத்தும் இயக்கத்தை அவர் நாடெங்கும் நடத்தியபோது எதிர்த்து நின்றவர் வேறு யாருமல்லர், நம் ராஜாஜி. 1955இல் அதற்கென்றே ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அம்மையார் அசையவில்லை. இருவரில் யார் சரி? பிற்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவில் நடந்த பெரும் ஆராய்ச்சி, பெரியவர்களின் நுரையீரல் நோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டிற்று. குழந்தைகளை மூளைச் சவ்வில் தாக்கும் க்ஷயத்திலிருந்து அது காக்கிறது என்பதும் உறுதியாயிற்று. இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். தீர்ப்பை வாசகர்களே சொல்லிக்கொள்ளலாம். அவர் மந்திரியாக இருந்த 1956ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. சென்னையின் நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே நோயாளியை வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதைப் போலவே குணமாகிறது என்று 1959இல் அது நிரூபித்தது. படுக்கைக்குப் பணமில்லாத நாடுகளுக்கெல்லாம் இதைவிட நல்ல செய்தி ஏது?

எய்ம்ஸுக்கு வருகிறேன். நியூஜிலாந்து கொழும்புத் திட்டத்தின்கீழ்ப் பொருளுதவி செய்தது. 1952இல் அஸ்திவாரக் கல், 1956இல் சட்டம். டாக்டர்களை உண்டாக்க ஆசிரியர்கள் வேண்டும். அவர்களை நம் நாட்டிலேயே உண்டாக்க ஓரிடம் வேண்டும் என்பது அம்மையாரின் கணக்கு. அங்கே பணிபுரிவோர் தனியாகத் தொழில் நடத்தலாகாது என்ற விதியில் அவர் உறுதியாக நின்றார். அந்த விதி இன்றும் இருக்கிறது. எங்கள் பெரியவரைப் பார்த்த நிபுணர் மாலையில் சொந்தக் கிளினிக்கில் காசு கொடுத்துப் பார்க்கக் கூடியவர் அல்லர். அவரைப் பார்க்க ஏழையும் செல்வனும் ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டும்.

குறை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். குடும்பக் கட்டுப்பாட்டில் காந்தியடிகளின் கொள்கையைப் பற்றிக்கொண்டு, சாதனங்களை விலக்கி, நாட்கணக்கு முறையையே ஆதரித்தார். அதனால் முக்கியமான சில ஆண்டுகள் வீணாயின என்பது என் கருத்து. கிராமத்து நிலையத்துக்கும் டில்லியின் மாளிகைக்கும் இடையே ஜில்லா ஆஸ்பத்திரிகள் போதிய அளவு வலுப்பெறாததும் உண்மை. பாட்னா முதலிய ஊர்களில் இதே பெயரில் நிலையங்கள் எழ 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1957இல் மந்திரி பதவி போயிற்று. எய்ம்ஸின் தலைமையும் செஞ்சிலுவைச் சங்கமும் அவரிடமே இருந்தன. சிம்லாவிலிருந்த தம் வீட்டையும் எய்ம்ஸுக்கே கொடுத்துவிட்டார்; உழைத்துக் களைத்த ஊழியர்களும் நர்ஸுகளும் போய் ஓய்வெடுக்கட்டும் என்று. 1964 பிப்ரவரி 6ஆம் தேதி டில்லியில் காலமானார்.

பெரியவருக்கு இதையெல்லாம் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அரசகுமாரி கட்டியதா என்று வியந்தார். பிறகு, தம் ஊர் டாக்டர் எப்போது வருவார் என்று மறுபடியும் கேட்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நண்பன் இப்பொழுதே ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டான்.