மணியடித்த பேராசிரியர்

இந்த முறை நான் எழுதுவது புனித பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றி. அவர் பெயரில் கோயில், கல்லூரி எல்லாம் இருக்கு. ஆனால் அந்தப் புனிதர் ஒரு காலத்தில் ரொம்பப் பெருமை பிடித்தவராக இருந்தார் என்பது பல பேருக்குத் தெரியாது. அதற்காகத்தான் நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

சவேரியார் 1506 ஏப்ரல் 7-ல் நவார் என்ற சின்ன நாட்டில், ஒரு கோட்டைக்குள் பிறந்தார். அது இன்றைக்கு ஸ்பெயினில் இருக்கிறது. அவருடைய அப்பா அரசருக்கு ஆலோசகர். 1515-ல் அப்பா இறந்துவிட்டார். அதற்கு முன்பே நாடு போரில் தோற்றுப் போயிருந்தது. 1516-ல் அவர்கள் கோட்டையின் மதிலையும் கோபுரத்தையும் இடிச்சுட்டாங்க. அப்போ அவருக்குப் பத்து வயசு. போன கௌரவத்தைப் படிப்பால் திரும்ப வாங்கணும் என்ற வெறி அப்போதே அவர் மனசில் விழுந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

1525-ல் பாரிஸ் நகரத்துக்குப் படிக்கப் போனார். 1530-ல் பட்டம் வாங்கி, தத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார். விளையாட்டிலும் கெட்டிக்காரர். தான் உயர்குடியில் பிறந்தவன் என்று சான்றிதழ் வாங்கவும் ஏற்பாடு செய்தார். நாம் உதவித்தொகைக்காகத் தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்குகிறோம். அவர் பெருமைக்காக வாங்கப் பார்த்தார்!

அவரோடு ஒரே அறையில் தங்கியவர் பீட்டர் பேபர். சின்ன வயசில் ஆடு மேய்த்தவர். 1529-ல் இஞ்ஞாசியார் வந்து சேர்ந்தார். அவர் சவேரியாரைவிட 15 வயசு பெரியவர். பீரங்கிக் குண்டு பட்டுக் கால் ஊனமானவர். பிச்சை எடுத்துப் படித்தவர். சவேரியார் அவரைக் கேலி பண்ணினார். இஞ்ஞாசியார் கோபப்படவே இல்லை. சவேரியாருக்குப் பணம் இல்லாதபோது உதவினார், அவர் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். உலகம் முழுதும் கிடைத்தாலும் ஆன்மா கெட்டுப்போனால் என்ன லாபம் என்ற இயேசுவின் கேள்வியைத் திரும்பத் திரும்ப நினைவுபடுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சவேரியார் மனசு மாறியது. 1534 ஆகஸ்ட் 15-ல் ஏழு நண்பர்கள் சேர்ந்து ஏழ்மையாக வாழ்வோம் என்று சபதம் எடுத்தார்கள். கேலி பண்ணியவரும் கேலி செய்யப்பட்டவரும் அந்த ஏழு பேரில் இருந்தார்கள்!

1541-ல் போப்பாண்டவரின் தூதராக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அவ்வளவு பெரிய பதவிக்கு ஒரு வேலைக்காரனாவது வேணும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் துணியைத் தானே துவைத்தார். கப்பலில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். 13 மாதம் கழித்து, 1542 மே 6-ல் கோவா வந்து சேர்ந்தார். மாளிகையில் தங்காமல் ஆஸ்பத்திரியில் தங்கினார். தெருவில் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பாரிஸில் தத்துவம் நடத்திய பேராசிரியர் இவர்தானா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

அதே வருஷம் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் எல்லாம் அந்தக் கடற்கரை ஊர்கள்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி, சின்னப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தார். மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அவருக்குத் துணை. ஒரு இடத்தில் தப்பு வந்துவிட்டது. நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் இருந்தது. 1544-ல் அது தெரிந்ததும் அவர் மறைக்கவில்லை. விசுவாசம் என்று மாற்றச் சொல்லித் தன்னோடு வேலை செய்தவருக்குக் கடிதம் எழுதினார். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

1549-ல் ஜப்பான் போனார். கிழிந்த அங்கியோடு போனதால் சில இடங்களில் பெரியவர்கள் மதிக்கவில்லை. அதனால் 1551-ல் நல்ல உடை போட்டு, பரிசுகளோடு போய் அங்கிருந்த ஆட்சியாளரைப் பார்த்தார். கிழிந்த உடைதான் பணிவு என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. தன்னைவிட வேலைதான் முக்கியம் என்று நினைத்தார்.

அவர் செய்த எல்லாமே சரி என்று நான் சொல்லமாட்டேன். மற்ற மதத்தவரின் வழிபாட்டை அவர் மதிக்கவில்லை. அந்தப் பாடத்தை அவர் படிக்காமலே போய்விட்டார். புனிதருக்கும் பாடம் பாக்கி இருக்கும் போல.

1552 டிசம்பர் 3-ல், சீனாவுக்குப் பக்கத்தில் சாங்சுவான் தீவில், 46 வயதில் இறந்தார். பக்கத்தில் கூட்டம் இல்லை, கோட்டை இல்லை. 1622-ல் திருச்சபை அவரையும் இஞ்ஞாசியாரையும் ஒரே நாளில் புனிதராக அறிவித்தது.

தோழிகளே, பணிவு என்றால் தலையைக் குனிந்து நிற்பது இல்லை. தெரியாததைச் சின்னவங்ககிட்டயும் கேட்பது. நம்மில் எத்தனை பேர் கணக்கு புரியாவிட்டாலும் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கிறோம்? பின் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும் அவளிடம் கேட்க வெட்கப்படுகிறோம். அதுவும் பெருமைதான். பாரிஸ் பேராசிரியரே மீனவப் பிள்ளைகளை நம்பிப் படித்தார். நாமும் கேட்டுப் படிப்போம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி